லாந்தோரி வீட்டுக் கச்சை

கச்சையைத் திறந்துதான் வைத்துவிட்டுப் போயிருந்தாள் எமோகே. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, பொன்முலாம் பூசிய வெள்ளித் தகடுகளைக் கோத்துச் செய்த அந்த வாள்கச்சையைக் கோணாமல் நீட்டி வைத்து, கொக்கி இடப்பக்கம், வளையங்கள் வலப்பக்கம் என்று பார்த்துப் பார்த்து ஒழுங்கு செய்து, மேலே இன்னொரு தாளைப் போர்த்தி, விளக்கை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். திங்கட்கிழமை காலை வந்து தாளைத் தூக்கிப் பார்த்தால் கச்சை வட்டமாகக் கிடந்தது. கொக்கி வளையத்தில் மாட்டியிருந்தது.

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பழைய பொருட்களைப் பழுதுபார்க்கும் பட்டறையின் சாவி இருந்தது அவளிடமும் பர்னபாஷிடமும்தான். வாள், கவசம், குதிரைச் சேணம் எல்லாம் பர்னபாஷின் பொறுப்பு. ஓய்வு பெறப்போகிற வயது, புத்தகங்கள் எழுதிய மனிதர். ஆனால் சனி ஞாயிறு என்றால் மலைச்சரிவில் இருக்கும் தன் திராட்சைத் தோட்டத்தை விட்டு இறங்கவே மாட்டார். அவர் வந்து கொக்கியை மாட்டிவிட்டுப் போனார் என்று நம்புவதைவிட, கச்சை தானே மாட்டிக்கொண்டது என்று நம்புவது சுலபம். வயிற்றில் ஏழாம் மாதம், மூளை பாதி நேரம் வேலைநிறுத்தத்தில் இருக்கிறது, போன வாரம்கூட வீட்டுச் சாவியைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடினோமே, இதுவும் அப்படித்தான் என்று எமோகே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, கொக்கியைக் கழற்றக் கை போகவில்லை.

பட்டறை ஒரு காலத்தில் இந்த மாளிகையின் சலவைக்கூடம். தாழ்ந்த வளைவுக் கூரை, தெருவின் மட்டத்துக்குச் சற்று மேலே சின்னச் சின்ன சன்னல்கள், அவற்றுக்கு வெளியே ராபா ஆற்றிலிருந்து எழுந்து வந்து ஊரையே விழுங்கியிருந்த டிசம்பர் மூடுபனி. உள்ளே வழக்கமான வாசனைகள் எல்லாம் இருந்தன. தேன்மெழுகு, அசிட்டோன், வெப்பக்குழாயின் மேல் காய்ந்து கருகும் தூசி. ஆனால் இன்றைக்கு அவற்றுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. மழையில் ஊறிய மென்மயிர் அங்கியை மூடிய அறைக்குள் உலரப் போட்டால் எழுமே, அந்த வாடை. கண்காட்சிக்கு வைக்கப்போகும் பழைய பிரபுவின் மென்மயிர் வைத்த மேலங்கி இரண்டு அறை தள்ளி, கற்பூரம் போட்டுப் பூட்டிய அலமாரிக்குள் எலும்பு மாதிரி உலர்ந்து கிடந்தது. அதைப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள்.

புதன்கிழமை கண்காட்சி திறப்பு. பிரபுக்கள் வீட்டுச் சடங்கு வாள்கள். பர்னபாஷுக்கு அவற்றின் மேல் பெரிய மரியாதை கிடையாது. "எல்லாம் பழசு மாதிரி பண்ணின புதுசும்மா" என்பார். "முடிசூட்டு விழாவுக்குக் கட்டிக்கிட்டுப் போய் நிக்கறதுக்கும், போட்டோ புடிச்சுக்கறதுக்கும். இதுல எதுவும் ஒரு கோழியைக்கூட வெட்டினது கிடையாது." உண்மைதான். தாத்தாக்களுக்குத் தாத்தா காலத்து வீரர்களைப் போல வேஷம் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பணக்காரர்கள், பெஷ்ட் நகரத்துப் பொற்கொல்லர்களிடம் சொல்லிச் செய்துகொண்டவை. ஆகாய நிறக் கல்லும் மாதுளைமுத்து நிறக் கல்லும் அள்ளித் தெளித்த உறைகள், சிவப்பு வெல்வெட், கழுகுத்தலைக் கைப்பிடிகள்.

லாந்தோரி வீட்டு வாள் மட்டும் வேறு. அதன் உறையும் கைப்பிடியும் கச்சையும் மற்றவற்றைப் போல வேஷச் சாமான்தான். உள்ளே இருந்த அலகு அப்படியல்ல. அது துருக்கியர் காலத்தது, அந்த வீட்டில் தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று வந்துகொண்டே இருந்தது. அந்தப் பழைய அலகுக்குத்தான் கடைசிப் பிரபுவான மெனிஹேர்ட் புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தார். அவரோடு அதையும் புதைத்தார்கள். போர் முடிந்த வருஷம் யாரோ குடும்பக் கல்லறையை உடைத்துக் கொள்ளையடித்தபோது மிஞ்சியதை, ஒரு பாதிரியார் கோணியில் சுற்றி இங்கே கொண்டுவந்து சேர்த்தார். வாள் துருவேறி உறைக்குள்ளேயே இறுகிப் போயிருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதை உருவிப் பார்த்ததில்லை.

எமோகேதான் உருவினாள். நவம்பர் மாதம் முழுக்க, பர்னபாஷ் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் போய்ப் படுத்திருந்த நாட்களில், சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி எண்ணெய் விட்டு, ஒரு நாள் கைப்பிடி மெல்ல அசைந்து வந்தது. வந்தது பாதி அலகுதான். மீதியை உறையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. நட்டநடுவில் ஒடிந்திருந்தது. கல்லறைக் கொள்ளையில் ஒடிந்திருக்கும் என்று நினைத்தாள். உடைந்த பொருளைக் கண்டால் ஒட்டுவதற்குத்தான் அவள் கைக்குத் தெரியும். ஒட்டினாள். பற்றவைக்கவில்லை, அது இந்தத் தொழிலில் பாவம். நாம் செய்வதை நாளைக்கு இன்னொருவர் சேதமில்லாமல் பிரிக்க முடியவேண்டும் என்பதுதான் அவள் படித்த முதல் பாடம். அதனால் அசிட்டோன் பட்டால் இளகிவிடுகிற பசையைப் போட்டாள். கோடுகூடத் தெரியாமல் வேலை சுத்தமாக வந்தது. அன்றைக்கு அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் வெள்ளிக்கிழமை வந்தது. பர்னபாஷ் ஊன்றுகோலோடு வேலைக்குத் திரும்பியிருந்தார். மெனிஹேர்ட்டின் உடையைப் போர்த்தப்போகும் பொம்மைக்கு வயிறு எவ்வளவு வைப்பது என்று தெரியவில்லை. மாடிக்கூடத்தில் மாட்டியிருந்த ஓவியத்தில் அந்த மனிதர் பீப்பாய் மாதிரி நின்றார். பர்னபாஷ் ஓவியத்தையும் பார்த்தார், எமோகேயையும் பார்த்தார்.

"கோவிச்சுக்காத. ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான்."

"சார்!"

"ஒரு நிமிஷம்மா. கட்டிப் பாரு, எந்த வளையத்துல நிக்குதுன்னு பாத்துடலாம். பொம்மைக்கு அதே அளவுக்குப் பஞ்சு அடைச்சுடலாம்."

காட்சிப் பொருளை உடம்பில் போடக்கூடாது என்பது இருவருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு யாருக்கும் அதெல்லாம் ஞாபகம் வருவதில்லை. கையுறை போட்ட கைகளால் அவரே கச்சையை அவள் வயிற்றின் மேல் சுற்றி மாட்டினார். சங்கிலியில் வாள் தொங்கியது, இடுப்பின் இடப்பக்கம் ஜில்லென்று ஒரு கனம். கைப்பேசியில் படம் எடுத்தார். அவள் மார்பை நிமிர்த்தி, இல்லாத மீசையை முறுக்கிக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். அப்போது வயிற்றுக்குள் குழந்தை இடப்பக்கம் ஓங்கி உதைத்தது, வாள் சங்கிலியே குலுங்குகிற அளவுக்கு.

அதற்குப் பிறகு அது இடப்பக்கம் மட்டும்தான் உதைத்தது.

சனிக்கிழமை ஸ்கேன். இதற்கு முன் இரண்டு தடவை அவளுக்குக் கலைந்திருந்தது. இரண்டாவது தடவைக்குப் பிறகு மூன்று வருஷம் எதுவுமே தரிக்கவில்லை. முப்பத்தொன்பது வயதில் இது தங்கியபோது அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, ஐந்தாம் மாதம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அப்புறம் பெண் குழந்தை என்று சொன்னார்கள். லில்லா என்று பேர் வைத்து, சின்னச் சின்ன காலுறைகள்கூட வாங்கிவிட்டாள். சனிக்கிழமை டாக்டரம்மா திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பையன்மா" என்றார். "போன தடவை கால் மறைச்சிருக்கும்."

அன்று சாயங்காலம் கெல்லெர்த் கூப்பிட்டான். ஆஸ்திரியாவில் கட்டட வேலை, மாதத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வருகிற புருஷன்.

"பொண்ணோ பையனோ, நல்லபடியா வந்து சேரட்டும். நீ எதையும் தூக்காத, கேட்டியா? நான் ஒரு பேர் வெச்சிருக்கேன். சொன்னா சிரிக்கக்கூடாது."

"சொல்லு."

"மெனிஹேர்ட்."

அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பேரை எங்க கேட்ட?"

"தெரியலையே. காலையில ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தேன், வாயில வந்துச்சு. நல்லாயில்லையா?"

வீட்டில் ஒருநாளும் அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. வேலையிடத்துப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுபோகிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.

இப்போது திங்கட்கிழமை, மேசை மேல் வட்டமாகக் கச்சை. எமோகே கையுறை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை கொக்கி எந்த வளையத்தில் நின்றது என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது; பொம்மைக்காக அந்த வளையத்தில் ஒரு நூல் கட்டியிருந்தாள். கொக்கி நூலைத் தாண்டி அடுத்த வளையத்தில் மாட்டியிருந்தது. செய்யக்கூடாது என்று தெரிந்தே வட்டத்தை எடுத்து வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தாள். நூல் கட்டிய வளையம் இன்றைக்கு அவளுக்குப் பற்றாது. அடுத்ததுதான் சரியாக இருந்தது.

கொக்கியைக் கழற்றினாள். கச்சையை நீட்டி வைத்தாள். இரண்டு முனைகளின் மேலும் மணல்பைகளை வைத்தாள்.

மேலே கண்காட்சிக் கூடத்துக்குப் போய் வாள் தாங்கிகளைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. நீளமான நடைவழி, தேய்ந்த சிவப்புக் கல் தரை, விடுமுறை என்பதால் பாதி விளக்குகளே எரிந்தன. ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் அவள் நடையில் சத்தமே எழாது. ஆனால் நடைவழியில் சத்தம் இருந்தது. மெல்லிய சங்கிலி ஒன்று உலோகத்தில் படுகிற சத்தம், நாலடிக்கு ஒருமுறை, இடுப்பில் வாளைக் கட்டிக்கொண்டு நடக்கிறவனின் இடது கால் உறையில் இடிக்குமே, அந்தத் தாளத்தில். நின்றாள். நின்றது. நடந்தாள். பின்னாலிருந்து வருகிறதா, பக்கத்திலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியவில்லை. கூடத்தின் வாசலில் உள்ள கண்ணாடிப் பெட்டியில் அவள் உருவம் தெரிந்தது. தனியாகத்தான் நின்றாள். ஆனால் அவள் இடது கை, அவள் சொல்லாமலே, இடுப்புக்குக் கீழே காற்றில் எதன் மேலோ சாய்த்து வைத்தாற்போல வளைந்து நின்றது. வாள் கைப்பிடியின் மேல் கை வைத்து நிற்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். மாடியிலிருக்கும் ஓவியத்தில் அவரும் அப்படித்தான் நிற்கிறார்.

கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு வேகமாகக் கீழே இறங்கி வந்தாள்.

மதியம் பர்னபாஷ் வந்து சேர்ந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு ஆறுதலாக இருந்தது. டப்பாவில் பீன்ஸ் சூப் கொண்டுவந்திருந்தார், புகைபோட்ட பன்றிக்கால் போட்டது. பட்டறை ஓரத்துச் சின்ன அடுப்பில் சுடவைத்து, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"சார், சனி ஞாயிறுல இங்க வந்தீங்களா?"

"நானா? இந்த முழங்காலை வெச்சுக்கிட்டா? தோட்டத்துல பீப்பாய்க்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல." சூப்பைக் கிளறினாள். "லாந்தோரி வாளு எப்ப ஒடிஞ்சதுன்னு ஏதாவது தெரியுமா?"

பர்னபாஷ் மெல்லுவதை நிறுத்தினார். "ஒடிஞ்சதா? எங்க?"

"நட்டநடுவுல. உறைக்குள்ள ரெண்டா கிடந்துச்சு. கல்லறையை ஒடைச்சவனுங்க எவனாவது மிதிச்சிருப்பான்னு நெனச்சு ஒட்டிட்டேன்."

"உறையோட மிதிச்சா உறையும்ல நசுங்கும். உறை நசுங்கியிருந்ததா?"

இல்லை. உறையில் ஒரு கீறல்கூட இல்லை. அது அவளுக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும்.

"கெடுத்தியே போ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார், ஆனால் கண்ணெல்லாம் சிரிப்பு. "கண்காட்சியிலேயே நல்ல சரக்கு அதுதான்! ஒரு வீட்டுல கடைசி ஆம்பளை போயிட்டா என்ன பண்ணுவாங்க? பள்ளிக்கூடத்துல படிக்கலையா நீ?"

படித்திருந்தாள். இந்த நாட்டில் எல்லோரும் படித்ததுதான். சவப்பெட்டியின் மேல் குலச்சின்னத்தைத் தலைகீழாக வைப்பார்கள். வாளை ஒடிப்பார்கள். மேசையில் ஒடிந்த அலகை வைத்துக்கொண்டு வாரக்கணக்காக உட்கார்ந்திருந்தும் அவளுக்கு அது ஞாபகம் வரவில்லை.

"மெனிஹேர்ட்டுக்கு எல்லாம் பொண்ணுங்க. அவரோட வம்சம் முடிஞ்சது. அதனால சவப்பெட்டிக்கு முன்னாடி வாளை ஒடிச்சு, உறையில போட்டு, 'இன்னைக்கு வரைக்கும் லாந்தோரி, இனிமே இல்லை'ன்னு ஒருத்தன் சத்தமா சொல்லியிருப்பான். அதோட அந்த வீட்டுக்கு முற்றுப்புள்ளி. நீ என்னடான்னா அந்தப் புள்ளியை அழிச்சுட்டு உக்காந்திருக்க." ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்தார். "அது பத்தாதுன்னு வெள்ளிக்கிழமைக் கூத்து வேற."

"என்ன கூத்து?"

"கச்சை கட்டினோமே. அந்த வீட்டுல அது ஒரு வழக்கம். துருக்கிக்காரன் காலத்துல ஒரு லாந்தோரி சண்டையில செத்துட்டான், புள்ளை கிடையாது. ஆண்வாரிசு இல்லைன்னா சொத்து ராஜாவுக்குப் போயிடும். எடுத்துக்கறதுக்கு ஆளுங்க வந்து நிக்கறாங்க. பொண்டாட்டி என்ன பண்ணினா தெரியுமா? வயித்துல குழந்தை, அந்த வயித்து மேல புருஷன் கச்சையைக் கட்டி, வாளைத் தொங்கவிட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னாளாம். 'எஜமான் இதோ இருக்கார், பேசறதா இருந்தா அவர்கிட்ட பேசுங்க'ன்னாளாம். என்ன தைரியம் பாரு! அதுலேர்ந்து அங்க யார் கர்ப்பமானாலும் கச்சை கட்டுவாங்க."

"அந்த அம்மாவுக்கு என்ன குழந்தை பொறந்துச்சு?"

"பையன்தான். கச்சை கட்டின வயித்துல பையனைத் தவிர வேற பொறந்ததே இல்லைன்னு லாந்தோரிங்க பீத்திக்குவாங்க." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பூனைக் கீழே வைத்தார். "அட, பயந்துட்டியா? மெனிஹேர்ட்டுக்கு எல்லாம் பொண்ணுன்னு இப்பத்தானே சொன்னேன்! அவர் பொண்டாட்டி வியன்னாக்காரி, இந்தக் காட்டுமிராண்டி வழக்கமெல்லாம் எனக்கு வேணாம்னு கச்சையைத் தொடவே மாட்டேன்னுட்டா."

அதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவர் நினைத்தார்.

மூன்றரை மணிக்கெல்லாம் சன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. திறப்பு விழாவுக்கான மதுப்புட்டிகளைத் தோட்டத்திலிருந்து எடுத்துவர பர்னபாஷ் கிளம்பினார். "பசையை எடுத்துடு, என்ன? ஒடிஞ்சபடியே காட்டுவோம், ஜனங்க அசந்துடுவாங்க. அசிட்டோன் நாத்தம் உனக்கு ஆகாதுன்னா விட்டுடு, நான் வந்து பிரிச்சுத் தரேன். அஞ்சு நிமிஷ வேலை." வெளிக்கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். கார் சத்தம் மூடுபனிக்குள் கரைந்தது.

எமோகேவுக்குத் தானே பிரித்துவிட வேண்டும் போல இருந்தது. இப்போதே. ஒட்டியதால் ஏதாவது ஆரம்பித்திருந்தால், பிரித்தால் முடிந்துவிடும். அவ்வளவுதானே. அவர் சொன்னதில் அவளுக்குப் பிடித்தது அந்த ஒரு வார்த்தைதான், முற்றுப்புள்ளி. அதை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம்.

முகமூடி மாட்டிக்கொண்டாள், சன்னலைத் திறந்துவைத்தாள். பனி உள்ளே வந்தது. கையுறையைக் கழற்றினாள், ஒட்டின இடத்தை விரல் நுனியால்தான் கண்டுபிடிக்க முடியும். வாளை மென்பலகையில் கிடத்தி, பஞ்சை அசிட்டோனில் தோய்த்து, அலகின் நடுவில் வைத்தாள். நகத்தளவுக்கு ஒரு ஈரம் உலோகத்தில் பரவியது. பசை இளகத் தொடங்கும்போது வெள்ளையாக ஒரு மயிரிழை தெரியும். தெரிந்தது.

குழந்தை துள்ளியது. உதைப்பல்ல. தூக்கத்தில் கீழே விழுகிறவன் தூக்கிவாரிப் போட்டு எழுவானே, அப்படி உடம்பு முழுக்க ஒரு துள்ளல். பிறகு அசையவில்லை.

காத்திருந்தாள். வயிற்றில் உள்ளங்கையை வைத்து, இடப்பக்கம் தட்டினாள். எப்போதும் தட்டினால் பதிலுக்கு ஒன்று வரும். வரவில்லை.

மயிரிழை கொஞ்சம் நீண்டிருந்தது.

ஏன் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு கைகளாலும் அலகின் இரண்டு பாதிகளையும் பிடித்து ஒன்றோடொன்று அழுத்தினாள். வெள்ளைக் கோடு மறைந்தது. வயிற்றின் இடப்பக்கம் மெதுவாக, பலவீனமாக ஒரு உதை.

பிடியைத் தளர்த்தினாள். கோடு வந்தது. உதை நின்றது.

அழுத்தினாள். உதை.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. வாளை எப்போது ஒடிப்பார்கள்? கடைசி ஆண் போனபிறகு. வாள் ஒடிந்தது என்றால் கடைசி ஆண் போய்விட்டான் என்று அர்த்தம். மெனிஹேர்ட் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது கடைசி ஆண் அவர் இல்லை.

முற்றுப்புள்ளியைத் தன் கையாலேயே, தன் குழந்தையின் மேல் வைக்கப் பார்த்திருக்கிறாள்.

"இல்ல" என்றாள் சத்தமாக. "இல்ல, இல்ல, இல்லடா கண்ணு."

அசிட்டோன் ஆவியாகிவிட்டால் பசை மறுபடி இறுகிவிடும். அதுவரை பிடித்துக்கொண்டிருந்தால் போதும். எவ்வளவு நேரம்? காய்ந்த நாளாக இருந்தால் சீக்கிரம். இந்த ஈரத்தில் சொல்ல முடியாது. சன்னலை வேறு அவளே திறந்துவைத்திருந்தாள். இடுக்கிகள் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தன, ஒரு கையை எடுத்தால்தான் எட்டும். கைப்பேசி சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு கையைத்தான். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் உள்ளே என்ன ஆகும் என்று நினைத்ததும் விரல்கள் இன்னும் இறுகின. பழைய அலகு, கோழியைக்கூட வெட்டாத வாள்களோடு சேர்ந்ததல்ல. கூர் இன்னும் இருந்தது. உள்ளங்கையில் சூடாக எதுவோ ஊறி, மணிக்கட்டு வழியாகக் கைமடிப்புக்குள் இறங்கியது.

தோள் எரிந்தது. ரத்தத்தில் பிடி வழுக்கியது. கோடு வந்தது. போனது. வந்தது.

வாடை. நனைந்த மென்மயிர். இப்போது மிகப் பக்கத்தில்.

நடைவழியில் சங்கிலிச் சத்தம்.

நாலடிக்கு ஒருமுறை. அவசரமில்லாமல். பட்டறைக் கதவு வரை வந்தது. கதவு திறக்கவில்லை. சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் வந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கை நழுவும். மேசை மேல் மணல்பை ஒன்று சரிந்து தரையில் விழுந்தது. அப்புறம் மற்றொன்று. தாள் சரசரத்தது. கச்சை இருந்த இடத்தில் இப்போது வெறும் தாள்தான்.

கடைசிப் பலத்தில் அழுத்தினாள். பற்றவில்லை. கோடு விரிந்தது, ஒரு தாள் நுழைகிற அகலத்துக்கு. உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு அசைவும். அவள் வாய்விட்டு அலறினாள், அந்த அலறல் வளைவுக் கூரையில் முட்டித் திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன.

சில்லென்று, மண்ணின் ஈரத்தோடு, அவள் கைகளின் மேல் படிந்தன. மயிர் வைத்த கைமடிப்பு அவள் மணிக்கட்டில் உரசியது. சாம்பல் நிற விரல்கள். ஒன்றில் முத்திரை மோதிரம், அதன் கீழே விரல் என்று சொல்ல அதிகம் எதுவும் மிச்சமில்லை. அவை அழுத்தின. அவளால் ஒருநாளும் முடியாத பலத்தில். கோடு மறைந்தது.

உதை. பலமாக. இடப்பக்கம்.

அவள் வயிற்றைச் சுற்றி உலோகம் மெதுவாகத் தழுவியது. முதுகுப் பக்கம் கொக்கி வளையம் வளையமாகத் தட்டிக்கொண்டே போய், சரியான இடம் கண்டு, மாட்டிக்கொண்டது. காதுக்குப் பின்னால் மூச்சு எதுவும் இல்லை.

வெளியே கார் வந்து நின்றது. புட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம், ஊன்றுகோல் சத்தம், கதவில் சாவி.

"எமோகேம்மா! இன்னும் பிரிக்கலையா? விடு விடு, நீ கஷ்டப்படாத. நான் வந்துட்டேன், நான் ஒடிச்சுத் தரேன்!"

சாவி திரும்பியது. அவள் கையின் மேலிருந்த இரண்டு கைகளில் வலது கை மட்டும் மெல்லத் தளர்ந்து, அலகைத் தடவிக்கொண்டே கைப்பிடியை நோக்கி நகரத் தொடங்கியது. எமோகே கத்தியிருக்க வேண்டும். உள்ளே வராதீங்க சார், ஓடுங்க என்று கத்தியிருக்க வேண்டும். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பின்னால் நின்ற அந்த ஈரத்தின் மேல் முழுசாகச் சாய்ந்தாள்.

"விடாதீங்க" என்றாள். "விட்டுடாதீங்க."